பங்களா முன்னால் மூன்று சக்கரம்

மூன்றாவது சக்கரத்தை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. இடது கணுக்கால் முறிந்ததால் வாங்கினேன்.

அப்போது நான் பதுளையில் இருந்தேன். ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை. ஹாலிஎலப் பக்கம் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு ஊவா மாகாண நிருபரும் விநியோகஸ்தரும் நான்தான். அதற்கு முன் அதே பத்திரிகையின் அச்சகத்தில் ஆறு வருஷம் பிழை திருத்தினேன். பார்த்ததை எழுது, எண்ணக்கூடியதை எண்ணி எழுது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். பதுளைக் கடைவீதியில் என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, துணிக்கடை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் என் மேசை. வாசலில் என் மோட்டார் சைக்கிள்.

நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அந்த இரண்டு சக்கரத்தில் நான்கு வருஷம் போய் வந்தேன். நான்காம் வருஷம் ஐப்பசி மழையில், பசறையைத் தாண்டிய ஏற்றத்தில், செம்மண் சேற்றில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் கால் அடியில் இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "இந்தக் கால் உங்களைத் தாங்கும். வண்டியைத் தாங்காது."

இரண்டு சக்கர வண்டி ஓடும்போது யாரும் அதைத் தாங்க வேண்டியதில்லை. நிற்கும்போதுதான் கால் தேவை. தோட்டங்களில் நின்று நின்று போவதுதான் என் வேலை. ஆகவே சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான் ஏலத்தில் ஒரு சைட்கார் வாங்கினேன். பிரம்பால் பின்னிய இருக்கை, கீழே இரும்புச் சட்டம், பக்கத்தில் ஒற்றைச் சக்கரம். சைக்கிள் கடைக்காரர் இரண்டு நாள் பாடுபட்டு அதை என் வண்டியின் இடது பக்கத்தில் பூட்டித் தந்தார். எல்லோரும் அதைத் தொட்டி என்றார்கள். நானா கடைப்படியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வண்டிக்கு மாசமா?" என்று கேட்டார்.

இரண்டு சக்கரத்தில் கற்ற எதுவும் மூன்றில் உதவவில்லை. முன்பு திருப்பத்தில் உடம்பைச் சாய்த்தால் வண்டி தானாகத் திரும்பும். இப்போது சாய்ந்தால் நான் மட்டும் சாய்ந்தேன். வண்டி நேராகப் போனது. கைப்பிடியைத் தோள்பலத்தால் இழுத்துத் திருப்ப வேண்டும். நேர்ச் சாலையிலும் அது இடது பக்கமாக இழுத்தது. எல்லாவற்றையும்விட மோசம், தொட்டி காலியாக இருந்தால் இடது வளைவுகளில் மூன்றாவது சக்கரம் தரையை விட்டு எழும்பும். முதல் வாரம் ஒரு தேயிலை மலையின் வடிகால் கானுக்குள் இறங்கி நின்றேன். அதன்பிறகு ஒரு சாக்கில் ஆற்று மணல் நிரப்பி இருக்கையில் உட்கார வைத்தேன். மூட்டை இருந்தால் வண்டி ஒழுங்காகப் போனது. தோட்டங்களில் என்னைப் போன்ற முஸ்லிம்களை எல்லோரும் நானா என்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையிலிருந்து கூவுவார்கள்: "நானா, பொண்டாட்டி ரொம்பக் கறுப்பா இருக்காளே!"

இதெல்லாம் சிரித்துக் கடந்த விஷயம். நான் எழுத வந்தது வேறு.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. அரசாங்க வீதி முடிந்த இடத்தில் அதன் சொந்த ரோடு தொடங்கும். அந்த ரோடு துரையின் பங்களாவுக்கு நேர் முன்னால் போகும். பங்களா வேலி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை ஏறக்குறைய இருநூறு கஜம். என் காலடியில் இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த இருநூறு கஜத்தில் கறுப்புத் தோல்காரன் எவனும் எதன்மேலும் உட்கார்ந்து போகக்கூடாது. மாட்டு வண்டிக்காரன் இறங்கி நடக்க வேண்டும். சைக்கிள்காரன் தள்ள வேண்டும். மழை பெய்தாலும் குடையை மடக்க வேண்டும். தோள் துண்டு கைக்கு வர வேண்டும். இப்படி எங்கும் பலகை இல்லை, எழுத்து இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

நானும் நான்கு வருஷம் வேலியருகே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு போனேன். துரையின் குதிரை சத்தத்துக்கு மிரளும், அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குதிரை லாயம் பங்களாவுக்குப் பின்னால் அரை மைலில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

மூன்று சக்கரத்தோடு முதல் தடவை போனபோது வேலியருகே பெரிய கங்காணி நின்றார். கோட்டுப் போட்ட, நரைத்த மீசைக்காரர். என் பத்திரிகைக்குச் சந்தாதாரர். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும் என்பதால் கப்பல் செய்திகளை நானே பலமுறை உரக்க வாசித்திருக்கிறேன்.

"நானா, எறங்கணும்," என்றார்.

"இதத் தள்ள முடியாது கங்காணி. என் காலு சரியில்ல."

"அதுக்கென்ன, ஆளு தாரேன்."

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். நான் கைத்தடியோடு பின்னால் நொண்டி நடந்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன்: மணல் மூட்டை தொட்டியில் உட்கார்ந்தபடியே பங்களாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. கங்காணியிடம் அதைக் காட்டினேன்.

"மூட்டைக்கு மரியாதை தெரியாதுல்ல," என்று அவர் சொல்ல, தள்ளியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அதற்குப் பிறகு ஐந்து தடவை அப்படியே போனேன்: மூட்டை உட்கார்ந்து, நான் நடந்து.

அந்த மாதங்களில் கால் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்கும் போய்க்கொண்டிருந்தேன். அங்கே தாழ்வாரத்தில் ஒருவர் பழக்கமானார். அதே தோட்டத்துத் தொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். துரை புதிதாக மோட்டார் கார் வாங்கியிருந்தார். பங்களாவுக்குக் கீழே இருந்த முடுக்கில், அந்தக் கூர்மையான வளைவில், கார் ஒரே மூச்சில் திரும்பவில்லை. அதனால் அந்த முடுக்கை வெட்டி அகலப்படுத்தினார்கள். அந்த வேலையில் ஒரு பாறை உருண்டு இவருடைய வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தோட்டத்து மாட்டு வண்டி அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனது. மூன்று மாதம் கழித்து, கூட்டிப் போகலாம் என்று தோட்டத்துக்கு இரண்டு கடிதம் போயும் வண்டி வரவில்லை.

புண் ஒரு தடவை ஆறி, மறுபடி பிளந்து, இரண்டாம் தடவை ஆறியிருந்தது. டிரஸ்ஸர் என் முன்னால் அவரிடம் தெளிவாகச் சொன்னார்: "ஒரு மாசத்துக்குச் சமதரையில மட்டும்தான் கட்டையூன்றிப் பழகணும். விழுந்தாலோ இடிச்சாலோ மறுபடி பிளக்கும். அப்புறம் முழங்காலுக்கு மேல வெட்டணும்."

"நான் கூட்டிக்கொண்டு போறேன்," என்றேன்.

மணல் மூட்டைக் கதையை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். "அப்ப மூட்டைய எங்க வைப்பீங்க நானா?" என்றார்.

"மூட்டைக்கு இன்னைக்கு லீவு."

"சரிதான். ஒங்க வண்டிக்கும் மூணு சக்கரம், எனக்கும் இனி மூணு காலு. போவோம்."

அவரைத் தொட்டியில் உட்கார வைத்தேன். இரண்டு ஊன்றுகோல்களையும் பத்திரிகைக் கட்டையும் பின்னால் கட்டினேன். அவர் அதுவரை எந்த மோட்டாரிலும் ஏறியதில்லை. ஆனால் மூன்றாவது வளைவிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது: இடது வளைவு வரும்போது நான் சொல்லாமலே இடது பக்கமாகச் சாய்ந்தார். அந்தச் சக்கரம் ஒரு தடவைகூட எழும்பவில்லை. அந்த வண்டி என் கையில் சரியாக ஓடிய முதல் நாள் அது. பசறையில் தேத்தண்ணி குடித்தோம். அதற்குமேல் மழை.

தோட்டத்து ரோட்டில் நுழைந்தோம். கொஞ்ச தூரம் போய், "நானா, பங்களாகிட்ட எறங்கணுமே," என்றார்.

"நான் கங்காணிகிட்ட பேசுறேன். ஒங்க நெலமையைப் பாத்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

நான் செய்த தவறு அது. ஒரு மனிதனின் நிலைமையைப் பார்த்து மாறக்கூடிய விதி என்று அதை நினைத்துவிட்டேன்.

அகலப்படுத்திய முடுக்கு வந்தது. புதுச் சரளைக்கல் மழையில் பளபளத்தது. "இங்கதான்," என்று அவர் விரலை நீட்டிக் காட்டினார். அதிலிருந்து முப்பது அடியில் வேலி. வேலியருகே கங்காணி, மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போகும் பெண்கள் கூடைகளோடு ரோட்டோரம் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பங்களா விறாந்தையில் துரை கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

என் கை பழக்கத்தால் எஞ்சினை நிறுத்தியது.

"நானா, எறங்குங்க. அவனையும் எறக்குங்க," என்றார் கங்காணி.

"ஆஸ்பத்திரியில இருந்து வாறார் கங்காணி. பாருங்க, காலில்ல."

"தெரியும். நான்தானே வண்டி கட்டி அனுப்புனேன். எறங்கச் சொல்லுங்க. தொரை இருக்காரு."

"தொரை ஒண்ணும் சொல்லலையே."

"அவரு வாய் தொறந்து சொல்றவரைக்கும் விட்டா, நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?"

நாங்கள் பேசும்போதே அந்த மனிதர் இறங்கத் தொடங்கிவிட்டார். நான் திரும்புவதற்குள் ஒரு ஊன்றுகோலை உருவித் தரையில் ஊன்றியிருந்தார். சரளை நழுவியது. கட்டை போன பக்கம் உடம்பும் போய், கட்டுப்போட்ட கால் தொட்டியின் விளிம்பில் இடித்தது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துத் திரும்ப உள்ளே அமர்த்தினேன்.

"உக்காருங்க," என்றேன். "நீங்க எறங்கப் போறதில்ல."

"நானா!" என்றார் கங்காணி.

"இதே எடத்துல மணல் மூட்டை ஆறு தடவை உக்காந்து போச்சு கங்காணி. மூட்டை போகலாம், மனுசன் போகக்கூடாதா?"

"மூட்டை தொரையப் பாக்காது. இவன் பாப்பான். உக்காந்துக்கிட்டே பாப்பான்."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பத்திரிகைச் செய்தி ஒன்றுக்கு எனக்கு விளக்கம் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னார். நான் இத்தனை வருஷத்தில் கேட்ட வாக்கியங்களில் இவ்வளவு துல்லியமானது வேறில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது அந்தத் துல்லியத்தால்தான்.

பெண்கள் வரிசை நின்றுவிட்டது. அதிலிருந்து ஒருத்தி கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றாமலே நேராக வந்தாள். அவருடைய மனைவி. புருஷனைப் பார்த்தாள், காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், பிறகு கங்காணியிடம் திரும்பினாள்.

"பெரிய கங்காணி, அவரு நடக்கணும், அவ்வளவுதானே?"

"ஆமா புள்ள. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நடப்பாரு. அவரு காலு இந்த முடுக்குலதான் கெடக்கு. வெட்டி அகலமாக்குனீங்களே, அதுக்கு அடியில. அத எடுத்துக் குடுங்க, மாட்டிக்கிட்டு நடந்து வருவாரு."

வரிசையில் பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி விறாந்தையைப் பார்த்தார். துரை கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். உள்ளே போனார்.

அது அனுமதியா, கோபமா? முப்பது வருஷம் அந்த முகத்தைப் படித்துப் பிழைத்த கங்காணிக்கே விளங்கவில்லை. ஒரு காலை எடுத்து வைக்கப் போய், வைக்காமல் நின்றார். அந்த அரை நிமிஷத்தில் நான் எஞ்சினை உதைத்தேன். எஞ்சினின் நனைந்த தோல்பட்டி சக்கரத்தைப் பிடிக்காமல் வழுக்கிக் கிறீச்சிட்டது. மனைவி பின்னால் போய்த் தள்ளினாள். மற்றப் பெண்களும் கூடைகளோடு வந்து கைகொடுத்தார்கள். பட்டி பிடித்தது. அவர்கள் நடந்த வேகத்திலேயே ஓட்டினேன். இருநூறு கஜமும் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் உட்கார்ந்திருந்தார், துண்டு அவர் தோளிலேயே இருந்தது. வெற்றிபெற்றவன்போல இருந்தேன் என்று எழுதினால் பொய். துரை திரும்பி வருகிறாரா என்று விறாந்தையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் அவர் மெல்லிய குரலில், "எடது வளைவு நானா," என்று நினைவுபடுத்திச் சாய்ந்தார்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நான்கு பேர் அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். மனைவி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புண் பிளக்கவில்லை. விளிம்பில் இடித்த இடம் கன்றியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் என் பத்திரிகைக்குத் தோட்டத்திலிருந்து கடிதம் போயிற்று. ரோடு தனியார் சொத்து. பத்திரிகை ஆள் இனி உள்ளே வரக்கூடாது. அரசாங்க வீதியும் தோட்டத்து ரோடும் சேரும் இடத்தில் சங்கிலி கட்டினார்கள். நான் ஒன்றரைப் பத்தி எழுதி அனுப்பியிருந்தேன். கண்டதை மட்டும், காலடிக் கணக்கோடு, ஒரு வசைச் சொல்கூட இல்லாமல். அச்சில் வந்தது இது: "மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் வீதி அகலமாக்கும் வேலை நிறைவெய்தியுள்ளது. மோட்டார் வாகனங்கள் இனிச் சிரமமின்றிச் செல்லலாம்." அத்துடன் ஆசிரியரின் கைப்பட ஒரு குறிப்பு, தோட்டத்துரைமாரின் தயவில்லாமல் பத்திரிகை லயங்களுக்குள் போக முடியாது, பொறுத்துக்கொள்ளவும் என்று. பொறுத்துக்கொள்ளச் சொன்னவர் கொழும்பில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து காரியாலயம் போகிறவர்.

ஆனால் சந்தாதாரர்கள் பத்திரிகையை விடவில்லை. கணக்கப்பிள்ளைக்கு வேண்டும், கடைக்காரருக்கு வேண்டும், கங்காணிக்கும் வேண்டும். நான் வாரம் ஒருமுறை சங்கிலிவரை வந்து பத்திரிகைக் கட்டைக் கொடுப்பது, தோட்டத்திலிருந்து யாராவது வந்து எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் இரண்டு மாதம் யார் யாரோ வந்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு நாள், தூரத்தில் இரண்டு கட்டைகளும் ஒரு காலும் சரளையில் மாறி மாறி ஊன்றும் சத்தம் கேட்டது. அவர்தான். முதுகில் ஒரு சாக்குப் பையைத் தொங்கவிட்டிருந்தார். பத்திரிகை கொண்டுபோகும் வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

"எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டு வழியாத்தான். பங்களா முன்னால. துண்டக்கூட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டேன். மரியாதையில ஒரு கொறயும் வைக்கல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நடக்கத்தானே சொன்னாங்க? நடக்குறேன்."

மற்றவர்கள் இரண்டு, மூன்று நிமிஷத்தில் தாண்டும் இருநூறு கஜத்தைத் தாண்ட அவருக்குக் கால் மணி நேரமானது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, வாராவாரம், துரை விறாந்தையில் கோப்பி குடிக்கும் நேரத்தில். அவசரப்படவே மாட்டார் என்று, ஒரு நாள் சங்கிலிவரை வந்த அவர் மனைவி சொன்னாள். நடுவில் நின்று மூச்சு வாங்குவாராம். கீழே லயத்துக் குறுக்குப் பாதையில் போகும்படி கங்காணி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வழுக்கும் என்று இவர் மறுத்துவிட்டார்.

நான்கைந்து வாரம் கழித்துக் கங்காணியே அவருடன் சங்கிலிவரை நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "நானா, சங்கிலியக் கழட்டிடலாம்னு நெனைக்கிறேன். நீங்க வண்டியிலயே உள்ள வந்து குடுத்துட்டுப் போங்க. இவனும் பங்களா முன்னால நடக்க வேணாம்," என்றார்.

"பங்களாகிட்ட எறங்கணுமா?"

"நீங்க எறங்க வேணாம். தொரைக்கும் சம்மதந்தான்."

"இவரை ஏத்திக்கிட்டு வரலாமா?"

கங்காணி குடையின் நுனியால் சரளையைக் கிளறினார்.

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்," என்றேன்.

தோட்டத்துப் பத்திரிகைகளை எடுத்து அந்த மனிதருடைய சாக்குப் பையில் வைத்தேன். கங்காணியின் பிரதியை மட்டும் அவர் தனியே உருவி நீட்டினார். "நீங்க முன்னால போங்க கங்காணி. நான் வந்துசேர நேரமாகும். பங்களா தாண்டணும்ல," என்றார்.

கங்காணி பத்திரிகையை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் முன்னால் போகவில்லை. அந்த மனிதரின் பின்னால், அவர் வேகத்துக்கே, மெல்ல நடந்தார். நான் மணல் மூட்டையை நேராக்கி வைத்துவிட்டு, அவர்கள் இருவரும் முடுக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.